செங்கல் ரயில்

ஒரு படைப்பைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் நம் விமர்சனத்தில் எளிதாகக் கைக்கு அகப்படும் சொற்களில் ஒன்று ‘விளையாட்டு’. வார்த்தை விளையாட்டு, உருவ விளையாட்டு, விளையாட்டுத்தனமான முயற்சி என்று பல ரூபங்களில் இது நம் பக்கங்களில் வந்து போகிறது. இச்சொல்லை உபயோகிக்கிறவர்களுக்கு விளையாட்டு என்றால் என்ன என்பது முன்பே தெரியும் என்கிற அனுமானம் இதன் பின்னால் இருக்கிறது. அந்த அனுமானத்தைச் சற்று நிறுத்திவைத்துப் பார்க்கலாம் என்பதற்கே இக்கட்டுரை. எழுத நேர்ந்த காரணம் சொந்தக் காரணம்தான். ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கற்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கட்டிய ரயில். எனக்கு வயது முப்பத்தாறு. வீட்டில் குழந்தை இருக்கிறதா, அதற்காகவா என்று கேட்கிறார்கள். இல்லை, எனக்காகத்தான்.

கேள்விப்பட்ட நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒருவர், இது பால்யத்துக்கான ஏக்கம், வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு முப்பத்தைந்தில் வரும் என்றார். இன்னொருவர், இது பன்னாட்டுப் பண்டத்தின் மாயம், ஞாபகத்தையே விலைக்கு விற்கிறார்கள் என்றார். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டுமே பொருளைப் பார்க்காமல் அதற்குப் பெயர் வைத்துவிடுகின்றன. கவிதையைப் படிக்காமல் கவிஞனின் சமூகப் பின்னணியை மட்டும் பேசும் கட்டுரைகளைப் பற்றி நமக்குப் புகார் உண்டு அல்லவா? அதே புகார் இங்கும் பொருந்தும். முதலில் பொருளைப் பார்ப்போம்.

பாலக்கரையில் வளர்ந்தவனுக்கு ரயில் ஒரு தூரத்து அதிசயம் அல்ல. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் பாதையில் ஜங்ஷனை விட்டால் பாலக்கரை ஸ்டேஷன், பிறகு கோட்டை ஸ்டேஷன். இரவில் வண்டி போகும்போது எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கிழக்கே பொன்மலை. அங்கே ரயில்வே தொழிற்சாலையின் சங்குதான் அப்பாவின் காலை. ஆக, ரயில் என்பது பார்த்துப் பரவசப்படும் வஸ்துவாக அல்லாமல் மளிகைக்கடை, முனிசிபல் குழாய் மாதிரி ஒரு அன்றாட சங்கதியாகவே எங்களுக்கு இருந்தது. அப்படியும் ரயில் விளையாடினோம். இதுவே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். கிடைக்காததற்குப் பதிலாக மட்டும் குழந்தைகள் விளையாடுவதில்லை. பக்கத்தில் இருப்பதையும், இருந்தும் கைக்குள் வராததையும் விளையாடுகிறார்கள்.

முதல் ரயில் செங்கல் ரயில். தெருவில் எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். மணல் குவியலும் செங்கல் அடுக்கும் இருக்கும். மணலைத் தட்டிச் சமமாக்கி, செங்கற்களைப் படுக்கைவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக முட்டவைத்து, முதல் கல்லின் மேல் ஒரு அரைக்கல்லை நிறுத்தினால் அது புகைபோக்கி. கடைசிக் கல்லைப் பிடித்துத் தள்ள வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பிணைப்பு ஏதும் இல்லாததால் இந்த ரயிலைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஐந்து கல் வரை நேராகப் போகும். ஆறாவதைச் சேர்த்தால் நடுவில் எங்கோ ஒன்று பக்கவாட்டில் பிதுங்கிக்கொள்ளும். வளைவு என்றால் நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகக் கையால் திருப்ப வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், தள்ளுகிறவன் உட்கார்ந்திருப்பது கடைசியில், அவன் வாயால் போடும் சத்தமோ முன்னால் இருக்கும் இன்ஜினுக்கு உரியது.

இரண்டாவது, தீப்பெட்டி ரயில். காலிப் பெட்டிகளை நூலில் கோத்து இழுப்பது. இது நேர்மாறு. இழுக்கலாம், தள்ள முடியாது. பின்னோக்கிப் போகச் சொன்னால் நூல் தொய்ந்து பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். செங்கல் ரயிலுக்குக் கனம் இருந்தது, தொடர்ச்சி இல்லை. தீப்பெட்டி ரயிலுக்குத் தொடர்ச்சி இருந்தது, கனம் இல்லை. ஒன்பது வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது என்றாலும் உள்ளங்கைக்கு இது தெரிந்திருந்தது.

மூன்றாவது 1998இல் வந்தது. சிங்கப்பூரில் வேலையாக இருந்த சித்தப்பா ஒரு விடுமுறைக்கு வரும்போது, அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி முடித்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். லெகோ ரயில். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கியதில் பிறந்தது அந்த நிறுவனம். மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களுமாக, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் கல்லுக்கு அவர்கள் காப்புரிமை கோரியது 1958 ஜனவரியில். அன்று செய்த கல்லும் இன்று செய்த கல்லும் பொருந்தும். 1966இல் மின்சாரத்தில் ஓடும் ரயில் வந்தது. எனக்கு வந்தது அதற்கும் பின்னால், 1991இல் தொடங்கிய ஒன்பது வோல்ட் வகை. தண்டவாளத்தின் மேல் மெல்லிய உலோகத் தகடு, அதன் வழியே மின்சாரம். பதினாறு வளைவுத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். பெட்டிகளுக்கு நடுவில் காந்தம். தள்ளவும் செய்யலாம், இழுக்கவும் செய்யலாம். செங்கல்லின் கட்டுமானமும் தீப்பெட்டியின் நூலும் ஒரே பொருளில் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. நான்கு வருஷம் அதை விட்டேன். பிறகு பத்தாம் வகுப்பு, பரண்.

பரணைக் காலி செய்ய வேண்டி வந்தது, மாடித் தளம் ஒழுகியதால். பெட்டியை இறக்கியபோது எனக்கு உண்டானது பரவசமோ துக்கமோ அல்ல. கைகள் தாமாகவே இரண்டு கற்களை எடுத்து அழுத்தின. ‘க்ளிக்’ என்ற அந்தச் சத்தம். அப்போது அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். பொன்மலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து 2018இல் ஓய்வு பெற்றவர். ஒரு தண்டவாளத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தகடு கறுத்திருந்தது. மேஜை மேலிருந்த பென்சில் ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே கேட்டார்:

“என்ன கேஜுடா இது? மீட்டரா, பிராடா?”

“பொம்மைப்பா” என்றேன்.

“பொம்மைன்னா? தண்டவாளம்னு ஒண்ணு இருந்தா கேஜ்னு ஒண்ணு இருக்கும்.”

தன் பழைய வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து அளந்தார். இரண்டு தண்டவாளங்களுக்கு உட்புறம் ஏறக்குறைய 37.5 மில்லிமீட்டர். பிறகு அந்த ரயிலின் பயணியை, மஞ்சள் முகமும் மாறாத சிரிப்புமாக இருக்கும் சிறு பொம்மை மனிதனை, தொப்பியைக் கழற்றிவிட்டு அளந்தார். 4 சென்டிமீட்டர். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். இந்தப் பாதை அகலப்பாதை என்றால் பயணியின் உயரம் 179 சென்டிமீட்டர் ஆகிறது. வாட்டசாட்டமான ஆள். மீட்டர் பாதை, அதாவது 1000 மில்லிமீட்டர் என்றால் அதே பயணி 107 சென்டிமீட்டர்தான். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம். ஐரோப்பாவின் 1435 என்றால் 153, இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.

அதே பொம்மை, அதே தண்டவாளம். எந்தக் கேஜ் என்று நாம் முடிவு செய்கிறோமோ அதைப் பொறுத்து அவன் பெரியவனாகவோ குழந்தையாகவோ ஆகிறான். அந்தக் காகிதத்தை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

திருச்சிக்காரர்களுக்குக் கேஜ் என்பது வெறும் அளவு அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861-62இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி முதலில் போட்டது அகலப்பாதை. 1870களில் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். 1992இல் ஒரே பாதைத் திட்டம் என்று ஒன்றை ரயில்வே தொடங்கியது. அதன்படி மறுபடி அகலமாக்கினார்கள். அகலம், குறுகல், அகலம் என்று ஒரே மண்ணின் மேல் இரண்டு முறை தண்டவாளம் மாறியிருக்கிறது. என் பால்யத்தில் இந்த ஜங்ஷனில் இரண்டும் அருகருகே இருந்தன. ஈரோட்டுப் பக்கம் அகலம். ஸ்ரீரங்கம் வழியாக விழுப்புரம் போகும் பாதை மீட்டர். அம்மாவோடு டவுன் ஸ்டேஷனைத் தாண்டிக் காவிரிப் பாலத்தின் மேல் போன வண்டி, எங்கள் வீட்டு டம்ளர்களை நடுங்கவைத்த வண்டியைவிடக் குறுகலாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு, எதிர்ப் பெஞ்சுக்காரரின் முழங்கால் இடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு கேஜில் வந்த சரக்கு மற்றொரு கேஜில் போக வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வேண்டும். அந்தச் சுமை மனிதர்களின் முதுகில் போயிற்று. நான் வளர்ந்ததும் மீட்டர் பாதை மறைந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. இதைக் குறியீடாக்கிக் கவிதை எழுதலாம். நான் அதைச் செய்யப் போவதில்லை. அப்பாவின் கணக்கு அதைவிடத் துல்லியமாக இருக்கிறது.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்கு எழுதியிருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோலரிட்ஜ் 1817இல் வெளியிட்ட ‘பயாக்ரஃபியா லிட்டரேரியா’வில் கற்பனைச் சக்தியையும் வெறும் புனைவுத் திறனையும் பிரிக்கிறார். முன்னது கரைத்து, கலைத்து, புதிதாக உருவாக்குவது. பின்னது ஏற்கெனவே இறுகிப்போன, திட்டமான துண்டுகளை எடுத்து வேறு வேறு விதமாக அடுக்குவது. இந்த அளவுகோலை வைத்தால் பிளாஸ்டிக் கல் ரயில் இரண்டாம் வகையின் தூய உதாரணம். கல் கரைவதில்லை. கட்டிய பிறகும் கல்லாகவே இருக்கிறது. நாளை கலைத்தால் அதே கல் திரும்பக் கிடைக்கிறது. இதில் சிருஷ்டி எங்கே என்று கேட்கலாம்.

எண்ணிக்கையைக் காட்டிப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கற்கள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியின் உதவியோடு கண்ட எண் இது. நிறுவனம் அதற்கு முன் சொல்லிவந்த எண் சுமார் பத்துக் கோடிதான். ஆறடுக்குக் கோபுரங்களை மட்டுமே அதில் எண்ணியிருந்தார்கள். ஆனால் எண்ணிக்கை பதில் ஆகாது. அந்தத் தொண்ணூற்றொரு கோடியில் பெரும்பாலானவை பார்க்கச் சகிக்காத முண்டுகளாகத்தான் இருக்கும். அகராதியில் உள்ள சொற்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற கணக்கு கவிதையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பதில் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அது நம் யாப்பிலேயே இருக்கிறது. தமிழ் யாப்பைப் போலத் துண்டுகளால் ஆன அமைப்பு வேறெதுவும் எனக்குத் தெரியாது. நேர், நிரை என்று இரண்டே அசைகள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். அவற்றைச் சேர்க்கும் விதிக்குப் பெயர் தளை. நின்ற சீரின் கடைசி அசைக்கும் வரும் சீரின் முதல் அசைக்கும் உள்ள உறவு அது. மாமுன் நிரை, விளமுன் நேர் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். ‘நின்ற சீர்’, ‘வரும் சீர்’ என்ற சொற்களை இப்போது கேட்டால் ஜங்ஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறது எனக்கு. ஆக, சீர் என்பது பெட்டி, தளை என்பது கப்ளிங். இலக்கணக்காரர்கள் பெட்டியை விவரித்ததோடு நிற்கவில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஏழு வகை பெயர் வைத்தார்கள். துண்டு மாறுவதில்லை, உண்மை. ஆனால் தனியே இருந்தபோது இல்லாத ஒரு கடமை, சேர்ந்த பிறகு அதற்கு வந்துவிடுகிறது. என் ரயிலில் ஒரு சாம்பல் நிறக் கல் இருக்கிறது. தனியே அது ஒன்றுமில்லை. இரண்டாவது பெட்டியின் அடியில் அது இல்லாவிட்டால் வளைவில் பெட்டி கவிழ்கிறது. அந்தக் கல் கரையவில்லை. ஆனாலும் அது பழைய கல் அல்ல. கோலரிட்ஜின் பிரிவினைக்குள் இது எந்தப் பக்கம் சேரும்?

தளை என்ற சொல்லுக்கு விலங்கு என்றும் பொருள். ந. பிச்சமூர்த்தி 1934இல் தொடங்கியதையும், ‘எழுத்து’ 1959க்குப் பிறகு முன்னெடுத்ததையும் நாம் தளை நீக்கம் என்றே சொல்லிவருகிறோம். அது அவசியமாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாப்பு அப்போது ஓடாத ரயிலாகத்தான் இருந்தது. ஆனால் தளை விலங்கு மட்டும் அல்ல, இணைப்பும்கூட. விலங்கை எடுத்தபோது இணைப்பின் இடத்தில் எதை வைத்தோம்? நல்ல கவிஞர்கள் வைத்தார்கள். மூச்சின் அளவையோ, படிமத்துக்கும் படிமத்துக்கும் உள்ள ஈர்ப்பையோ, வாக்கியத்தின் சொந்த இழுப்பையோ வைத்தார்கள். மற்றவர்களின் கவிதைகள் செங்கல் ரயில்கள். வரிக்குக் கீழே வரி முட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. எது நகர்த்துகிறது என்று பார்த்தால் கடைசி வரி. ஒரு திடுக்கிடல், ஒரு திருப்பம், ஒரு தத்துவார்த்தப் பெருமூச்சு, இப்படி ஏதோ ஒன்று கடைசியில் உட்கார்ந்துகொண்டு மொத்தத்தையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஐந்து வரி வரை நேராகப் போகும். ஆறாவதில் நடுவில் பிதுங்கும். இன்று நான் படிக்கும் கவிதைத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான் என்பது என் கருத்து. பெயர்கள் சொல்லவில்லை. நண்பர்கள் தங்கள் கடைசி வரியை எடுத்துவிட்டு மீதி நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எழுப்பியதும் அப்பாதான். தள்ளுகிற ரயிலை அவ்வளவு லேசாக நினைக்காதே என்றார். நீலகிரி மலைப்பாதையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் பின்னால்தான் இருக்கிறது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. முன்னால் இன்ஜின் இருந்து நடுவில் கப்ளிங் அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடும். பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி என்கிற ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் கொண்ட இரும்புச் சட்டம் பதித்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. “தள்றது தப்பில்ல. எதைக் கவ்விக்கிட்டுத் தள்றேங்கிறதுதான்” என்றார். என் கடைசி வரிக் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த திருத்தத்தை எந்த விமர்சகரிடமிருந்தும் நான் எதிர்பார்க்க முடியாது.

அந்த மலை ரயிலின் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பது பொன்மலையில்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் அவை. நீராவி இந்தியாவின் அன்றாடப் பாதைகளிலிருந்து தொண்ணூறுகளோடு போய்விட்டது. நீலகிரி ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு பொன்மலையில் அதே எக்ஸ் வகையைப் புதிதாகவே செய்தார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் எரியும் ஒன்றும் வெளிவந்தது. ஒரு தொழிற்சாலை, தான் விட்டுவிட்ட ஒன்றைப் பல வருஷங்களுக்குப் பின் மறுபடி கையிலெடுத்தது. அதை யாரும் ஏக்கம் என்று சொல்லவில்லை. எண்ணெய் இன்ஜின் வேலையில் அப்பாவும் இருந்தார். ‘டிராயிங் இருந்துச்சு. ஆனா டிராயிங்ல எல்லாம் இருக்காது’ என்பார். காகிதத்தில் இருந்த அளவுக்கும் இரும்பு ஒப்புக்கொண்ட அளவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஓய்வு பெறப்போகும் நாலைந்து பேரின் கையில் இருந்தது என்றும், அது இளையவர்களுக்குப் பேச்சால் அல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பதால் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்வார். கலையில் மரபு என்று நாம் எழுதும்போது இதைத்தான் குறிக்கிறோமா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. குறிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ரோலான் பார்த் 1957இல் வந்த தம் ‘மித்தாலஜீஸ்’ நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். பிரெஞ்சு பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைச் சிறிதாக்கிக் கொடுத்து, குழந்தையைச் செய்பவனாக அல்லாமல் சொந்தக்காரனாக, உபயோகிப்பவனாக ஆக்கிவிடுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. மரத்தைப் போற்றுகிறார், பிளாஸ்டிக்கை வெறுக்கிறார். கட்டும் கட்டைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு அளிக்கிறார். நான் படித்தவரை அவரை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கிடைத்தது. அதுவும் அவரைப் படிக்காமலேயே.

வட்டத்தைப் பூட்டி முதல் தடவை ஓடவிட்டபோது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கேங்மேன் எங்கடா?”

லெகோவில் ஓட்டுநர் உண்டு, கார்டு உண்டு, பயணி உண்டு. பாதையோரம் சம்மட்டியோடு நடந்து ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்க்கும் ஆள் என் பெட்டியில் இல்லை. ஃபிட்டர் இல்லை. கரி அள்ளுகிறவர் இல்லை. தண்டவாளம் தன்னைத்தானே பராமரித்துக்கொள்கிற ஒரு உலகம் அது. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அப்பா என்னை நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஏழெட்டு வயதில் எனக்கு அது கொடிகளும் கோஷமுமாக ஒரு திருவிழாதான். ரயில் என்றால் அந்த ஐந்து பேரும் சேர்ந்ததுதான் என்று அப்பாவுக்கு இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கத் தொட்ட இரும்பின் சிறு பிரதியில் அவரே விடுபட்டிருந்தார். பார்த் சொன்ன சொந்தக்காரனின் உலகம் இதுதான். ஆனால் பார்த் அங்கே நிறுத்திக்கொள்கிறார். அப்பா நிறுத்தவில்லை. ஒரு பயணியின் கையில் இருந்த சூட்கேஸைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கிளறி ஒரு கறுப்புக் குச்சித் துண்டைக் கண்டுபிடித்து அந்தக் கையில் மாட்டி, வளைவின் ஓரத்தில் நிறுத்தினார். கட்டக்கூடிய பொம்மையிடம் இந்த ஒரு நியாயம் இருக்கிறது. விடுபட்டதைச் சேர்க்க இடம் கொடுக்கிறது.

புதிய பெட்டிகளின் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது நண்பரின் குற்றச்சாட்டுக்கு அது நியாயம் செய்கிறது. ஒரு பெரிய ரயில் பெட்டி என் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கேட்கிறது. ஒன்பது வோல்ட் வகையை இப்போது செய்வதும் இல்லை. நான் வாங்கவில்லை. சித்தப்பா கொண்டுவந்த அந்த ஒரு பெட்டிதான். தீர்ந்துபோகக்கூடிய, எண்ணி வைத்திருக்கிற, கூட்ட முடியாத கற்கள். வெண்பாவின் எல்லை மாதிரி இதுவும் ஒரு எல்லை. ஒரு பாயிண்ட் சேர்க்க வேண்டுமென்றால் ஸ்டேஷனைக் கலைக்க வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசியிருக்கிறோம்.

பேசியிருக்கிறோம் என்பதுதான் விஷயம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவருக்கும் எனக்கும் பேச அதிகம் இல்லாமல் இருந்தது. பதின்மூன்று வருஷமாக நான் எழுதுகிறேன். நான் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை அவர் முழுதாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது யாருக்குடா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முந்நூறு பிரதி அச்சாகி இருநூறு பேர் படிக்கும் ஒரு பத்திரிகையை அவருக்கு விளக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. இந்த மேஜையில் நிலைமை வேறு. நான் கட்டியதை அவர் மதிப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்கிறார். போகி என்பது பெட்டி அல்ல, பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், பயணிகள்தான் பெட்டியைப் போகி என்கிறார்கள் என்று திருத்துகிறார். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் உயர்ந்திருக்க வேண்டும் என்று தீக்குச்சிகளை அடியில் வைக்கிறார். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. ஓடுகிறதா, ஏன் ஓடவில்லை, எந்த மூட்டு. நம் கூட்டங்களில் இவ்வளவு சுத்தமான விமர்சனத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

இரண்டு வருஷமாக அவருடைய வலது கை நடுங்குகிறது. குமிழ் இரண்டு உள்ள சின்னக் கல்லை அவரால் இப்போது பொருத்த முடிவதில்லை. மருத்துவர் சொன்ன பெயர் எங்கள் இருவருக்கும் தெரியும், அதை நாங்கள் வீட்டில் உச்சரிப்பதில்லை. ஆனால் வண்டி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்தத் துண்டின் மூட்டு சரியாக உட்காரவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஜன்னல் பக்கத்து மூன்றாவது, என்பார். இதுவரை தவறியதில்லை. சொல்வதை நான் பொருத்துகிறேன். டிராயிங்கில் இல்லாததை அவர் இப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். என்னிடம் அதை வாங்கிக்கொள்ள எவ்வளவு காலம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கேஜ் விஷயம் இன்னும் தீரவில்லை. மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஸ்ரீரங்கத்துப் பாலத்தின் மேல் போன குழந்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பா ஒப்பவில்லை. பயணி குழந்தை என்றால் ஓட்டுநரும் குழந்தைதான், எல்லாம் ஒரே அளவு பொம்மை. “அஞ்சு வயசுப் பையன் கையில இன்ஜினைக் குடுக்க முடியாதுடா.” ஓட்டுநருக்கு அகலப்பாதை, பயணிக்கு மீட்டர் பாதை என்று வைத்தால் என்ன என்று கேட்டேன். ஒரே தண்டவாளத்தில் இரண்டு கேஜா என்று சிரித்தார். பிறகு, முடியாது என்றும் சொல்லவில்லை. இரண்டு கேஜுக்கும் பொதுவாக மூன்று தண்டவாளம் போட்ட இடங்கள் உண்டு என்றும், அங்கே பாயிண்ட் அமைப்பதுதான் பெரிய தலைவலி என்றும் சொல்லி, காகிதத்தை என் பக்கம் தள்ளி, எப்படி என்று வரையச் சொன்னார். கோடு நான் போட்டேன், எங்கே என்று அவர் சொன்னார். வரைந்தது சரியாக வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி பார்க்க வேண்டும்.